பதினொரு கத்திகள் ஏன் பதம் ஏறவில்லை: கோத்தகிரிப் பட்டறையில் ஒரு தோய்ச்சல் கோளாறு

கோத்தகிரிப் பக்கம் உள்ள ஒரு கொல்லுப்பட்டறை, தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு 24 கவாத்துக் கத்திகள் அடித்துக் கொடுத்தது. கவாத்து தொடங்கிய இரண்டாம் நாளே மேஸ்திரி 11 கத்திகளைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார். "ஆசாரியண்ணே, வாய் திரும்பிக்குதுங்க. கிளையை அறுக்காம நசுக்குது." கவாத்தில் இது சின்னக் குறை இல்லை. தேயிலைத் தண்டை ஒரே வீச்சில், சாய்வாக, பிளவில்லாமல் வெட்டினால்தான் காயம் ஆறும். நசுங்கிப் பிளந்த கட்டையில் மழைத் தண்ணீர் தேங்கி அழுகல் உள்ளே இறங்கும்.

ஆசாரிக்கு முதல் சந்தேகம் இரும்பின் மேல், அடுத்தது கரியின் மேல். இரண்டும் நியாயமானவைதாம். கத்திக்கான இரும்பு லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டை. எந்த லாரி, எந்த வருஷத்துப் பட்டை என்று யாருக்கும் தெரியாது. ஆனால் இந்த 24 கத்தியும் ஒரே கட்டிலிருந்து வெட்டியவை. உலையும் ஆளும் நாளும்கூட ஒன்றுதான். இரும்பு மட்டம் என்றால் 24-ம் மட்டமாக இருந்திருக்க வேண்டும். 13 கத்திகள் தோட்டத்தில் ஒரு குறையும் இல்லாமல் வெட்டிக்கொண்டிருந்தன.

துப்பு கொடுத்தது கத்தியின் வாலில் குத்தியிருந்த எண். தோட்டத்தில் ஆள்வாரியாகக் கணக்கு வைத்துக் கத்தி கொடுப்பதால், ஒவ்வொன்றிலும் வரிசை எண் அடிக்கச் சொல்லியிருந்தார்கள். எண் குத்திய வரிசையிலேயே தோய்ச்சலும், அதாவது காய்ச்சிய கத்தியைத் தண்ணீரில் முக்கிக் கடினமாக்குவதும், நடந்திருந்தது. திரும்பி வந்தவற்றை அடுக்கிப் பார்த்தால், 1 முதல் 8 வரை ஒன்றுகூட இல்லை. 9-லிருந்து 14-க்குள் 10, 13, 14 வந்திருந்தன. 15, 16 இரண்டும் வந்திருந்தன. 17, 18 வரவில்லை. 19 முதல் 24 வரை ஆறும் வந்திருந்தன.

ஆக, வேலை போகப் போகக் கோளாறு கூடியிருக்கிறது, நடுவில் இரண்டு கத்திகளுக்கு மட்டும் தற்காலிகமாக விலகியிருக்கிறது. அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று கேட்டதற்குக் கையாள் பையன் சொன்ன பதில்: "தண்ணி குறைஞ்சு போச்சுங்க, ஒரு குடம் ஊத்துனேன்." குற்றவாளி உலையில் இல்லை, தொட்டியில் இருக்கிறான் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

தொட்டி

தோய்ச்சல் தொட்டியாக இருந்தது 15 கிலோ எண்ணெய் டின். நெடுக்குவாட்டில் பிளந்து, படுக்கவைத்து, தொட்டி மாதிரி ஆக்கியிருந்தார்கள். நீளம் 35 செ.மீ., அகலம் 24 செ.மீ., ஆழம் 12 செ.மீ. தளும்பாமல் நிரப்பினால் 10 லிட்டர் பிடிக்கும். கத்தி அலகின் நீளம் 28 செ.மீ. ஆழம் போதாததால் கத்தியைச் செங்குத்தாக இறக்க வழியில்லை. எனவே குறட்டில் பிடித்து, தட்டையாகப் படுக்கவைத்து முக்கியிருக்கிறார்கள். முக்கியபின் ஆட்டவும் இடமில்லை. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் வினை: தண்ணீர் கொஞ்சம், கத்தி படுத்திருக்கிறது, அசைவு இல்லை.

தண்ணீருக்கும் இரும்புக்கும் நடுவே

தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்க்காதவர் இல்லை. கல் மிதமாகக் காய்ந்திருந்தால் துளி 'சொய்ங்' என்று பரவி ஒரு நொடியில் காய்ந்துபோகும். கல் அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தால் துளி பரவாது. முத்து மாதிரி உருண்டு, கல் முழுக்க ஓடி விளையாடும். அரை நிமிஷத்துக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். சூடு கூடினால் சீக்கிரம் வற்ற வேண்டும், இங்கே நேர்மாறாக நடக்கிறது. துளியின் அடிப்பக்கம் கல்லைத் தொடுமுன்பே ஆவியாகி, அந்த ஆவி துளியைத் தாங்கிக்கொள்கிறது. துளி உட்கார்ந்திருப்பது கல்லின் மேல் இல்லை, தன் ஆவியின் மேல். வழவழப்பான உலோகத்தில் இது ஏறக்குறைய 200 டிகிரியை ஒட்டித் தொடங்கும். சொரசொரப்பான கல்லில் இன்னும் கூடுதல் சூடு வேண்டும்.

ஜெர்மனியின் டூயிஸ்பர்க் ஊரில் மருத்துவராக இருந்த யோஹான் கோட்லோப் லைடன்ஃப்ராஸ்ட் இதை 1756-இல் விரிவாக எழுதினார். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் ஒரு துளி விட்டு, அது மறைய ஆகும் நேரத்தை எண்ணினார். முதல் துளி அரை நிமிஷத்துக்கு மேல் நின்றது. அதற்குள் கரண்டி ஆறிவிடுவதால் அடுத்த துளி அதைவிட வேகமாகப் போனது, அதற்கடுத்தது இன்னும் வேகமாக. துளிக்கும் கரண்டிக்கும் இடையிலுள்ள சந்து வழியே மெழுகுவர்த்தி வெளிச்சம் தெரிந்ததையும் அவர் குறித்திருக்கிறார். அதனால் இந்த விளைவு இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது.

அந்தச் சந்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், தலைமயிரைவிடக் கொஞ்சம் தடிப்பு. அவ்வளவு மெல்லிய படலம் எப்படிச் சூட்டைத் தடுக்கிறது? 100 டிகிரி நீராவி சூட்டைக் கடத்தும் திறன், அதே சூட்டிலுள்ள தண்ணீரின் திறனில் ஏறக்குறைய 25-இல் ஒரு பங்குதான். தண்ணீர் இரும்பைத் தொட்டால் கொதித்துக் குமிழ் கிளம்பி, ஒவ்வொரு குமிழும் ஒரு மூட்டைச் சூட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும், அந்த இடத்துக்குப் புதுத் தண்ணீர் பாயும். படலம் போர்த்திவிட்டால் அந்தப் பாய்ச்சல் நின்றுவிடும். பிறகு சூடு வெளியேற ஆவியின் வழியே மெல்லக் கசிவதும், சிவந்த இரும்பு வீசும் அனலும் தவிர வேறு வழி இல்லை.

கத்தியில் இதன் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 3 மி.மீ. கனமுள்ள பட்டை, 850 டிகிரி. ஆவி போர்த்திய நிலையில் அது நொடிக்குத் தோராயமாக 25 டிகிரிதான் இறங்கும். வெறும் காற்றில் ஆறவிட்டதைப் போல மூன்று மடங்கு, அவ்வளவே. படலம் உடைந்து தண்ணீர் தொட்டுவிட்டால் நொடிக்கு 100 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். பட்டையின் இரும்பு கடினமாக வேண்டுமானால், 700 டிகிரியிலிருந்து 500 வரை உள்ள இடைவெளியைச் சில நொடிக்குள் கடந்தாக வேண்டும். தாமதித்தால் உள்ளே மார்டென்சைட் என்ற கடின அமைப்பு உருவாவதற்குப் பதில் பெர்லைட் என்ற மென்மையான அமைப்பு உருவாகிவிடும். அது உருவானபின் எவ்வளவு வேகமாகக் குளிர வைத்தாலும் பயன் இல்லை. நொடிக்கு 25 டிகிரி என்றால் இந்த இடைவெளிக்கு மட்டும் எட்டு நொடி போய்விடும். வாய்ப்பக்கம் இரும்பு மெலிந்திருப்பதால் அங்கே கொஞ்சம் வேகம் கூடும்தான். ஆனால் ஒட்டியிருக்கும் தடித்த உடல் வாய்க்குச் சூட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இந்தப் படலத்தைக் கண்ணாலும் காதாலும் பிடிக்கலாம். குளிர்ந்த தண்ணீரில் சரியாக இறங்கிய கத்தி உடனே 'சொர்ர்ர்' என்று கத்தும், கை அதிரும். ஆவி போர்த்திய கத்தி அமைதியாக இருக்கும். தண்ணீருக்குள்ளேயே இரண்டு மூன்று நொடி சிவப்பு தெரியும். அலகைச் சுற்றி வெள்ளித் தாள் சுற்றியது போல ஒரு பளபளப்பான உறை இருக்கும், மேலே பெரிய பெரிய குமிழ்களாக வரும். பிறகு முனையிலோ ஓரத்திலோ உறை கிழிந்து, அந்தக் கிழிசல் அலகு நெடுக ஊர்ந்து நடுப்பகுதிக்கு வரும். அது ஊர்ந்த பின்தான் இரைச்சல் கிளம்பும். கிழிசல் கடைசியாக வந்து சேரும் இடம் அலகின் நடு. திரும்பி வந்த 11 கத்திகளிலும் வாய் திரும்பியது நடுவில்தான், முனையில் பதம் ஏறி அரம் வழுக்கியது.

தண்ணீர் எப்படிச் சூடானது

கத்தியின் சூடேறிய பகுதி 300 கிராம் இருக்கும். 850 டிகிரியிலிருந்து தண்ணீர்ச் சூட்டுக்கு இறங்கும்போது ஒரு கத்தி ஏறக்குறைய 165 கிலோஜூல் சூட்டைத் தொட்டியில் கொட்டுகிறது. 10 லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி ஏற 42 கிலோஜூல் போதும். அப்படியானால் கத்திக்கு 4 டிகிரி. காலையில் தொட்டித் தண்ணீர் 14 டிகிரி என்று வைத்தால் எட்டாவது கத்தி முடியும்போது 46. அதற்குமேல் தொட்டியின் மேற்பரப்பிலிருந்து சூடு ஓரளவு காற்றுக்குப் போகும் என்றாலும், பதினைந்தாவது கத்தியை ஒட்டி 60-ஐத் தாண்டிவிடும். தண்ணீரும் ஆவியாகியும் தெறித்தும் குறையும். குறைந்த தண்ணீர் இன்னும் வேகமாகக் காயும். 17-க்கு முன் ஊற்றிய ஒரு குடம் சூட்டை ஐம்பதுக்குக் கிட்டே இறக்கியிருக்கும். இரண்டு கத்தி பிழைத்தது அதனால்தான்.

தண்ணீரின் சூடு ஏன் இவ்வளவு முக்கியம்? படலம் உயிரோடு இருக்க, இரும்பிலிருந்து வரும் சூடு தண்ணீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். எதிர்ப்புறம் இருப்பது குளிர்ந்த தண்ணீர் என்றால், அது ஆவியைத் தொட்டவுடன் திரும்பத் தண்ணீராக்கிவிடும். படலம் பிறக்கும்போதே சாகும். கொதிநிலையை நெருங்கிய தண்ணீருக்கு அந்த வலு இல்லை. அதில் இரும்பு 200-300 டிகிரிக்கு இறங்கும் வரைகூடப் படலம் நிற்கும்.

படுக்கவைத்து முக்கியது இதன்மேல் வைத்த இரண்டாவது பளு. ஆவி மேலே போகும். அலகின் மேல்முகத்தில் உருவான ஆவி கிளம்பிவிடும். கீழ்முகத்தில் உருவான ஆவிக்குப் போக வழி இல்லை, அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஒரே கத்தியின் ஒரு முகம் தண்ணீரில், மறுமுகம் ஆவியில். திரும்பி வந்தவற்றில் பலவும் நீளவாக்கில் இலேசாக வளைந்திருந்ததற்கும் இதுவே காரணம்.

தொட்டியில் இன்னொன்றும் கண்ணில் பட்டது: ஓரத்தில் சோப்பு நுரைக் கோடு. கரி படிந்த கையை அதே தண்ணீரில்தான் கழுவியிருக்கிறார்கள். சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் படலத்தைப் பலப்படுத்தும், உப்பு உடைக்கும். தோய்ச்சல் தண்ணீரில் கை கழுவக் கூடாது என்று பழைய பட்டறைகளில் சொல்வதில் சாஸ்திரம் ஒன்றும் இல்லை, இதுதான் இருக்கிறது.

மலைக்கு இதில் எவ்வளவு பங்கு

மலையின் உயரம்தான் காரணம் என்று சிலர் சொல்லக்கூடும். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். தண்ணீர் அங்கே 94 டிகிரியிலேயே கொதிக்கும், ஊட்டியில் 92-93. மேட்டுப்பாளையத்தில் 99. ஆகவே 60 டிகிரித் தண்ணீர், மேட்டுப்பாளையத்தில் கொதிநிலைக்கு 39 டிகிரி கீழே நிற்கிறது, கோத்தகிரியில் 34 டிகிரிதான் கீழே. காற்றழுத்தம் குறைவதால் ஒரு கிராம் தண்ணீர் தரும் ஆவியும் கடல்மட்டத்தில் 1.7 லிட்டர் என்றால் இங்கே 2 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். இரண்டும் படலத்துக்குச் சாதகம்தான். ஆனால் மலையில் தண்ணீர் சில்லென்று கிடைப்பது அதைவிடப் பெரிய பாதகம் படலத்துக்கு. கணக்கை நேர் செய்தால் மலைக் கொல்லருக்கு லாபமே, தொட்டியைப் பெரிதாக வைத்திருந்தால். நீலகிரியில் கோத்தர்கள் தலைமுறை தலைமுறையாக இரும்படித்துத் தோடருக்கும் படகருக்கும் கத்தியும் கோடாரியும் கொடுத்து வந்திருக்கிறார்கள். உயரம் ஒரு தடையாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

முதலில் செய்த தப்பு வைத்தியம்

கத்திகள் திரும்பி வந்தவுடன் ஆசாரி நான்கை எடுத்து மறுபடி தோய்த்தார். பதம் ஏறவில்லையென்றால் சூடு பத்தவில்லை என்பது பட்டறை வழக்கு. ஆகவே இந்த முறை ப்ளோயரைக் கூட்டி, மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம் வரும்வரை காய்ச்சினார். அதே தொட்டி, அதே படுக்கை. இரண்டு கத்திகள் முன்போலவே மென்மை. இரண்டில் வாயிலிருந்து முதுகு நோக்கி மயிரிழை விரிசல்.

இரண்டு முடிவும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள். இரும்பு கூடுதலாகக் காய்ந்தால் ஆவி இன்னும் வேகமாக உற்பத்தியாகும், படலம் இன்னும் நேரம் நிற்கும். மென்மை தீராது. மறுபக்கம், 1,000 டிகிரிக்கு மேல் போன இரும்பினுள் இருக்கும் நுண்ணிய மணிகள் பருத்துவிடும். பருமணி இரும்பு கடினமாகும் இடங்களில் கண்ணாடி மாதிரி உடையும். விரிசல் விட்ட கத்தியை ஒடித்துப் பார்த்தபோது முறிவுமுகம் கரும்புச் சர்க்கரை மாதிரி மினுமினுத்தது. நல்ல தோய்ச்சல் முறிவு சாம்பல் நிறத்தில், மணி தெரியாமல், பட்டு மாதிரி இருக்கும்.

இதே தொட்டியில் சில மாதம் முன்பு அடித்த அரிவாள்கள் நன்றாக இருந்தனவே என்ற கேள்வி எழுந்தது. லாரிப் பட்டையில் இரண்டு பெரிய வகை உண்டு: சிலிக்கான்-மாங்கனீசு கலந்தது, குரோமியம் கலந்தது. குரோமியப் பட்டை மெதுவாகக் குளிர்ந்தாலும் கடினமாகும். படலம் ஐந்தாறு நொடி நின்றாலும் மன்னித்துவிடும். சிலிக்கான் பட்டைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு புதுக் கட்டிலிருந்தும் ஒரு துண்டை வெட்டிச் சோதித்த பின்புதான் கத்தி அடிக்கத் தொடங்க வேண்டும்.

பட்டறையிலேயே செய்யும் சோதனை

அரை மணி நேரம் போதும். ஒரே பட்டையிலிருந்து 10 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத்தில் மூன்று துண்டுகள், அடித்து 3 மி.மீ. கனத்துக்குக் கொண்டுவந்தவை. மூன்றையும் ஒரே நிறத்துக்குக் காய்ச்ச ஒரு காந்தம் வேண்டும். பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் போதும். இரும்பு 770 டிகிரியில் காந்தத்தை விட்டுவிடும். விட்டபின் நிறம் இன்னும் ஒரு படி ஏறவிட வேண்டும், 850 கிட்ட வரும். நிறம் பார்ப்பது எப்போதும் நிழலில். கதவைத் திறந்துவைத்து வெயிலில் பார்த்தால் 900 டிகிரிகூட மங்கலாகத் தெரியும், மூடுபனி நாளில் 750-கூட ஜொலிக்கும்.

முதல் துண்டு 15 டிகிரித் தண்ணீரில், நிறைய தண்ணீர் உள்ள வாளியில், செங்குத்தாக, மேலும் கீழும் ஆட்டி. இரண்டாவது 65 டிகிரித் தண்ணீரில், படுக்கவைத்து, ஆட்டாமல். மூன்றாவது அதே 65 டிகிரித் தண்ணீரில், ஆனால் செங்குத்தாக ஆட்டி. ஒவ்வொன்றையும் முக்கியவுடன், இரைச்சல் கிளம்பும்வரை 'ஒன்று, இரண்டு' என்று எண்ண வேண்டும். முதலாவதில் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் கத்திவிடும். இரண்டாவதில் நிதானமாக எண்ணலாம். மூன்றாவது நடுவில் நிற்கும். ஆறியபின், சூட்டில் மேலே படிந்த கருஞ்செதிலைத் தேய்த்துவிட்டு, புது அரத்தின் ஓரத்தால் மூன்றையும் உரசிப் பார்த்தால் காது சொன்னதைக் கை உறுதிப்படுத்தும். பதம் ஏறிய இடத்தில் அரம் கண்ணாடி மேல் போவது போல வழுக்கும், ஏறாத இடத்தில் பொடி விழும்.

மாற்றியவை

எண்ணெய் டின் ஓரத்துக்குப் போனது. 200 லிட்டர் டிரம் ஒன்றை மேலே 40 செ.மீ. விட்டு வெட்டி, நிறுத்திவைத்து, 60 லிட்டருக்கு மேல் தண்ணீர். 60 லிட்டருக்கு ஒரு கத்தி ஏற்றுவது 0.7 டிகிரிகூட இல்லை. 24 கத்தியும் முடிந்தால் 16 டிகிரி ஏறும். காலையில் 14 என்றால் கடைசிக் கத்திக்கும் 30. டிரம்மின் வாயில் 50 ரூபாய்த் தெர்மாமீட்டர் ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். 35-ஐத் தொட்டால் வேலையை நிறுத்திவிட்டுத் தண்ணீர் மாற்ற வேண்டும் என்பது ஏற்பாடு.

இறக்கும் முறையும் மாறியது. முனை கீழே, வால் மேலே, செங்குத்தாக, தயங்காமல் ஒரே இறக்கு. இறக்கியபின் முதுகும் வாயும் போகும் திசையில், வெட்டுவது போல ஆட்ட வேண்டும். தட்டையான முகம் தண்ணீரைத் தள்ளும்படி பக்கவாட்டில் ஆட்டினால் அலகு வளையும். இரைச்சல் அடங்கும்வரை ஆட்டி, கை பொறுக்கும் சூட்டில் எடுத்துவிட வேண்டும். காய்ச்சும் முன் கருஞ்செதிலைக் கம்பிப் பிரஷ்ஷால் உரித்துவிடுவதும் சேர்ந்தது. அங்கங்கே ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும் செதில் தனிப் போர்வை, அதன் அடியில் பொட்டுப் பொட்டாக மென்மை விழும். விசித்திரம் என்னவென்றால், ஒரே சீராகப் பூசிய மெல்லிய களிமண் தோல் இதற்கு நேர்மாறு. அது படலத்தைச் சீக்கிரம் உடைக்கும். ஜப்பானிய வாள் கொல்லர்கள் வாய்ப்பக்கம் மெல்லிசாகவும் முதுகுப்பக்கம் தடிப்பாகவும் களிமண் பூசுவதில் இந்த நுட்பம் இருக்கிறது.

உப்பு போடலாமா என்று மேஸ்திரி கேட்டார். போடலாம், அளவோடு. 60 லிட்டருக்கு 6 கிலோ கல்லுப்பு என்றால் படலம் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். தண்ணீர் வற்றும் இடத்தில் உப்புப் பரல் இரும்பின்மேல் படிந்து, சூட்டில் வெடித்துச் சிதறும். அந்தச் சிதறல் படலத்தைக் கிழிக்கும். அரத்து இரும்பு மாதிரியான வெறும் கார்பன் இரும்புக்கு அது பொருத்தம். லாரிப் பட்டைக்கு அது அதிகம், மெல்லிய வாயில் விரிசல் விடும். குளிர்ந்த தண்ணீரும் ஆட்டமும் போதாதபோது மட்டும் 3 கிலோ வரை போகலாம். உப்புத் தண்ணீரில் எடுத்த கத்தியை உடனே நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் மறுநாளே துரு பூக்கும்.

உண்மையில் ஸ்பிரிங் பட்டைக்கு உகந்தது எண்ணெய்தான். விரிசல் பயம் வெகுவாகக் குறையும். இங்கே ஒரு நேர்மாறு உண்டு: தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும், எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். 50-60 டிகிரியில் எண்ணெய் இளகி வேகமாக ஓடும், ஊட்டிக் குளிரில் கெட்டியாகிக் கிடக்கும் எண்ணெய் மந்தம். கடலை எண்ணெய் போதும். பழைய எஞ்சின் ஆயில் புகையும் நஞ்சும் தரும், வேண்டாம். கத்தியைப் பாதி முக்கி வைத்திருந்தால் எண்ணெய்ப் பரப்பில் தீப்பிடிக்கும்; முழுக்க முக்க வேண்டும், பக்கத்தில் இரும்பு மூடி தயாராக இருக்க வேண்டும். எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீர் ஆவியானால் நானூறு லிட்டர் ஆகி, தொட்டி எண்ணெயை முகத்தில் எறியும். கைப்பிடி செருகக் குழல் வைத்த அரிவாள்களுக்கும் இதே எச்சரிக்கை: குழலின் திறந்த வாய் ஆளை நோக்கி இருந்தால் உள்ளே மாட்டிய தண்ணீர் கொதித்துக் கை மேல் பீய்ச்சும்.

இப்படிப்பட்ட படலத்தை நம்பி விளையாடுகிறவர்கள் மலையில் இன்னோரிடத்திலும் உண்டு. மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவரின் கலனில் இருப்பது திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. அதற்கு நம் உள்ளங்கையே காய்ந்த தோசைக்கல். சிந்திய துளி கையில் உருண்டு ஓடிவிடும், ஒன்றும் ஆகாது. அதைப் பார்த்துவிட்டு நூல் கையுறையோடு கலனுக்குள் கை விட்டால், துணி திரவத்தைப் பிடித்துத் தோலோடு ஒட்டவைக்கும். படலம் அங்கே உடைந்துவிடும், தோல் உறைந்து செத்துவிடும்.

தோய்த்தபின், கத்தி ஒடியாமலிருக்கக் கடினத்தைச் சற்றே இறக்கும் பதத்தில் மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் அலகின் ஒரு முகத்தைப் பளபளப்பாகத் தேய்த்து, காய்ந்த இரும்புக் கட்டியின்மேல் முதுகை வைத்து, நிறம் முதுகிலிருந்து வாய்க்கு ஓடி வருவதைப் பார்க்க வேண்டும். வாயில் முற்றிய வைக்கோல் நிறம், அதாவது 240 டிகிரி அளவு, வந்தவுடன் தண்ணீரில் நிறுத்த வேண்டும். இந்த இறக்கத்தின்போது தண்ணீர் சூடா குளிரா என்பது பொருட்டில்லை.

திரும்பி வந்த பதினொரு கத்திகளில் விரிசல் விட்ட இரண்டையும் பழைய இரும்பில் போட்டார்கள். மற்ற ஒன்பதையும், புதிதாக அடித்த இரண்டையும் டிரம்மில் தோய்த்தார்கள். பதினொன்றில் பத்து அரம் வழுக்கின. ஒன்றில் வாய் முழுக்க அரம் கடித்தது. நடுவில் மட்டும் இல்லை, முனை முதல் அடி வரை சீராக. இது ஆவி செய்த வேலை இல்லை என்று அந்தச் சீரே காட்டிக்கொடுத்தது. அதே இடத்தில் அரத்தை அழுத்தி ஐந்தாறு இழுப்பு இழுத்தபோது, மேல்தோல் போனவுடன் வழுக்கத் தொடங்கியது. மறுபடி மறுபடி உலையில் கிடந்ததில் மேல்தோலின் கார்பன் எரிந்துபோயிருந்தது. சாணைக்கல்லில் அரை மில்லிமீட்டர் தேய்த்து எடுத்தபின் அந்தக் கத்தியும் தோட்டத்துக்குப் போனது. அடுத்த முறையிலிருந்து வாயை 1.5 மி.மீ. தடிப்பாகவே விட்டுத் தோய்த்து, பிறகு சாணையில் மெலியவைக்கிறார்கள்.